புது எம்சிபி பெட்டி, பழைய ஒயர்

கேள்வி: 40 வருடப் பழைய வீடு ஒன்றை விலை பேசியிருக்கிறோம். "வயரிங் எல்லாம் மாத்தியாச்சு" என்கிறார் உரிமையாளர். புது எம்சிபி பெட்டி (அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் தானே அணையும் சுவிட்சுகள் உள்ள பெட்டி) இருக்கிறது. எல்லா அறையிலும் மூன்று துளை பிளக் பாயின்ட். நம்பி முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: இன்னும் வேண்டாம். பெட்டியையும் பிளக்கையும் ஒரே நாளில் மாற்றிவிடலாம். சுவருக்குள் ஓடும் ஒயரை மாற்றுவதுதான் பெரிய வேலை, பலரும் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

எலக்ட்ரீஷியனை அழைத்துப் போய், மெயினை அணைத்து, அறைக்கு ஒரு பிளக் பாயின்ட்டையாவது கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பின்னால் ஃபேஸ், நியூட்ரல், எர்த் என்று மூன்று ஒயர் வரவேண்டும். இரண்டே வந்து, நியூட்ரலிலிருந்து எர்த் துளைக்கு ஒரு துண்டு ஒயர் போட்டிருந்தால் ஆபத்து. அந்த நியூட்ரல் எங்காவது அறுந்தால் ஃபிரிட்ஜின் உடம்பிலேயே மின்சாரம் ஏறி நிற்கும். செருகிப் பார்க்கும் சாதாரண டெஸ்டர் இதை 'எர்த் சரி' என்றுதான் காட்டும்.

அடுத்து ஒயரின் தடிமன். செம்பு ஒயர் 1.5 சதுர மி.மீ. என்றால் 10 ஆம்பியர் எம்சிபி, 2.5 என்றால் 16. அடிக்கடி விழுகிறதே (தானே அணைகிறதே) என்று 16-ஐக் கழற்றி 32 மாட்டியிருந்தால், ஒயர் சுவருக்குள் பொசுங்கும், எம்சிபி விழாது.

கடைசியாக, எல்லாச் சாதனங்களையும் பிளக்கிலிருந்து உருவிவிட்டு 500 வோல்ட் மெக்கர் (ஒயர் மேலுறையின் மின்தடையை அளக்கும் கருவி) சோதனை. 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் ஈரம் இறங்கியிருக்கிறது அல்லது ஒயரின் மேலுறை வெடித்திருக்கிறது. அந்த லைனை மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

கேள்வி: வாங்கிவிட்டால், மொத்தத்தையும் இன்றைய விதிப்படி மாற்றியே தீரவேண்டுமா?

பதில்: பல இடங்களில் கட்டிய காலத்து விதியே செல்லும்; நீங்கள் கைவைக்கும் பகுதிக்கு மட்டும் புது விதி. உள்ளூர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விதி கேட்காவிட்டாலும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே அணையும் சுவிட்ச்) முதலில் போடுங்கள். பழைய வயரிங்கில் மாட்டிய உடனே அது விழலாம். இரண்டு லைன்களின் நியூட்ரலை எங்கோ சேர்த்துக் கட்டியிருப்பார்கள், அல்லது உண்மையிலேயே கசிவு இருக்கும். "ஆர்சிசிபி சரியில்லை" என்று கழற்ற விடாதீர்கள். லைன் லைனாகப் பிரித்துக் காரணத்தைத் தேடச் சொல்லுங்கள். பிறகு குளியலறை, சமையலறை லைன்களை மாற்றுங்கள். படுக்கையறை விளக்கு லைன் காத்திருக்கலாம்.