வெளிநாட்டில் ஆபத்து என்றால் எந்த எண்? கேள்வி பதில்

வளைகுடாவிலும் ஜெர்மனியிலும் அவசரப் பிரிவில் செவிலியராக இருந்தவள் நான். இப்போது பெருந்துறையில் இருக்கிறேன். நம் கொங்குப் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

திருப்பூர்: தம்பி துபாய் போறானுங்க அக்கா. 108 அங்கேயும் வேலை செய்யுங்களா?

செய்யாதுங்க. அமீரகத்தில் போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 998, தீயணைப்பு 997. துபாயில் கட்டட வாசலில் பத்து இலக்க மக்கானி எண் ஒட்டியிருக்கும். அதைச் சொன்னால் வண்டி நேராக வாசலுக்கே வரும். குடியேறிய அன்றே அதைப் போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்க.

கோபி: மகள் ஜெர்மனியில் படிக்கிறாள். 112 மட்டும் தெரிந்தால் போதுமா?

உயிருக்கு ஆபத்து, தீ என்றால் 112. போலீஸுக்கு 110. ராத்திரி காய்ச்சல், வயிற்றுவலி மாதிரி காலை வரை தள்ள முடியாத, ஆனால் உயிர் போகாத தொந்தரவுக்கு 116117. இந்த மூன்றாவது எண் தெரியாமல்தான் பிள்ளைகள் அவசரப் பிரிவில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். இன்னொன்று, 2009 முதல் அங்கே சிம் இல்லாத போனில் 112 போகாது. பேசும்போது முதலில் இடத்தைச் சொல்லணும். லைன் அறுந்தாலும் வண்டி கிளம்பிவிடும். அவர்கள் வைக்கச் சொல்லும்வரை போனை வைக்கக் கூடாது.

அப்புறம், எந்த நாடானாலும் இது பொருந்தும்: அந்த ஊர் எண்ணை அடித்த பிறகுதான் வீட்டுக்குப் போன். மயங்கிக் கிடப்பவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊருக்கு வீடியோ கால் போடுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பொள்ளாச்சி: சிங்கப்பூர்?

ஆம்புலன்ஸ், தீயணைப்பு 995. போலீஸ் 999. அவசரமில்லாத ஆம்புலன்ஸ் 1777.

ஈரோடு: அமெரிக்காவில் ஆம்புலன்ஸ் பில் தலையில் இடியாய் விழும். 911 எதுக்குங்க, காரிலேயே போயிடலாமே?

பில் பயம் நியாயமானது. விரல் உடைந்தால் காரில் போங்க. நெஞ்சுவலி, வாய் கோணுதல், பேச்சுக் குழறல், மூச்சுத் திணறல் என்றால் காரை எடுக்காதீங்க.

அதே ஈரோடு: எங்க மச்சான் நெஞ்சுவலியோட தானே ஓட்டிட்டுப் போனார். நல்லாத்தான் இருக்கார்.

நாமக்கல்: ஆமாங்க, ஆஸ்பத்திரி பத்து நிமிஷம்தானே?

அந்தப் பத்து நிமிஷத்தில் இதயம் நின்றால் காரில் என்ன செய்வீங்க? ஆம்புலன்ஸில் அதிர்ச்சி கொடுக்கும் கருவி இருக்கும், ஈசிஜி எடுப்பார்கள், ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே தகவல் போகும். ஓட்டுகிறவருக்கே மயக்கம் வந்தால் ரோட்டில் மற்றவர் உயிரும் போகும். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. 1986-ல் வந்த சட்டப்படி, அங்கே அவசரப் பிரிவு காசு பார்க்காமல் பரிசோதித்து உயிரைக் காக்க வேண்டும். ஆம்புலன்ஸ் பில்லைப் பிறகு பேசிக் குறைக்கலாம், தவணையும் கேட்கலாம். மச்சான் பிழைத்தது நல்ல நேரம். அதை நம்பி இன்னொருவரை அனுப்பாதீங்க.

தாராபுரம்: குவைத்தில் 108 வருங்களா?

மேலேயே சொன்னேனுங்க, 108 நம் ஊரோடு சரி. குவைத்துக்கு 112.

சத்தி: முதலில் இந்தியத் தூதரகத்தைக் கூப்பிடணுமா?

வேண்டாம். அவர்கள் ஆம்புலன்ஸ் அனுப்ப மாட்டார்கள். பாஸ்போர்ட் தொலைந்தால், கைதானால், உடலை ஊருக்குக் கொண்டுவர என்றால் அவர்கள்தான்.

மெல்போர்னிலிருந்து காங்கேயத்துக்காரர்: அம்மா அப்பா தோட்டத்தில் தனியாக இருக்காங்க. நான் இங்கிருந்து 112 அடிக்கலாமா?

அது ஆஸ்திரேலியாவின் 000-க்குத்தான் போகும். தோட்டத்துப் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேர், உள்ளூர் போலீஸ் ஸ்டேஷன், அம்மா அப்பா போகும் ஆஸ்பத்திரி ஆகியவற்றின் முழு எண்களை +91 போட்டுப் பதிந்து வையுங்க. 108-ஐ அங்கிருப்பவர்தான் அடிக்கணும். தோட்டத்துக்கு எந்த வண்டித்தடத்தில் திரும்பணும் என்று அவருக்கே சொல்லத் தெரியும். இன்றைக்கே அவர்களிடம் பேசிடுங்க.