கணையப் புரோட்டீன் ஏறினா குடல்ல கேன்சர் வருமா?

சார், நீங்க எழுதிக் கேட்ட பிஏபி டெஸ்ட், அதாவது கணையம் வீங்கினா ஏறுற ஒரு புரோட்டீனை அளக்கறது, எங்கயும் எடுக்க வேணாம். கணைய அழற்சி வந்து அட்மிட் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு, இப்ப நைட்டெல்லாம் நெட்ல தேடி, ரெக்3ஏ-ன்னு ஒரு புரோட்டீன் (பிஏபிக்கு இன்னொரு பேருதான்) குடல் செல்லை வளர வைக்குதுன்னு படிச்சுட்டு நீங்களே கேன்சர்னு முடிவு கட்டிட்டீங்க.

அது எல்லார் உடம்புலயும் இருக்கறதுதான். கணையம் வீங்கினா எக்கச்சக்கமா சுரக்கும், 1984ல எலிங்களுக்கு கணைய அழற்சி வரவச்சு பாத்தப்போதான் முதல்ல பிடிபட்டுச்சு. சிறுகுடல்லயும் சும்மாவே சுரக்குது, அங்க கிருமியைக் கொல்லும், புண்ணு ஆற உதவும். குடலோட உள்தோல் எப்படியும் நாலஞ்சு நாளைக்கு ஒருதடவை புதுசா மாறிட்டேதான் இருக்கு, செல் வளர்றதெல்லாம் கேன்சரா? சில கட்டிகள்லயும் இது ஜாஸ்தியா இருக்கும்தான், ஆனா வெறும் வீக்கத்துலயும் ஜாஸ்தி, அந்த நம்பரை வச்சு நானே ஒண்ணும் சொல்ல முடியாது.

ஏப்பம், வாயு, நாக்குல வெள்ளைன்னு நீங்க எழுதினதையெல்லாம் விடுங்க. மெடிக்கல் ஷாப்ல நீங்களா கேட்டு வாங்குற கேஸ் மாத்திரையையும் சேத்துதான்.

நீங்க பெருமையா கடைசி வரியில எழுதினதுதான் எனக்கு உறுத்துது. 56 வயசு, வீட்ல யாருக்கும் ஷுகர் இல்ல, இப்ப புதுசா வெறும் வயித்துல 178, டயட் இல்லாமலே பேன்ட் லூசாகுது. சாதாரணமா இந்த வயசுல ஷுகர் வர்றவங்க தொப்பையோடதான் வருவாங்க, இளைச்சுக்கிட்டே ஷுகர் ஏறினா, அதுவும் பழைய கணைய அழற்சி இருந்தவங்களுக்கு, கணையத்தைப் பாத்தே ஆகணும். பழைய வீக்கத்துல கணையம் கெட்டு இன்சுலினும் குறைஞ்சு செரிமான என்சைமும் குறைஞ்சிருக்கலாம், அப்படின்னா மோஷன் எண்ணெய் மாதிரி மிதக்கும், தண்ணி ஊத்தினாலும் டாய்லெட்ல ஒட்டும், அதுக்கு மருந்து இருக்கு. சிலருக்கு மட்டும் கணையத்துல கட்டி வந்து, வலியே இல்லாம முதல்ல ஷுகராத்தான் காட்டும். பயமுறுத்தறதுக்காக சொல்லல, சீக்கிரம் கண்டுபிடிச்சா ஆபரேஷனுக்கு வழி இருக்கு.

இந்த வாரமே இரைப்பை குடல் டாக்டரைப் பாருங்க. ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி ஷுகர்), லிவர் டெஸ்ட், கிட்னிக்கு கிரியாட்டினின் பாத்துட்டு கணையத்துக்கு சிடி ஸ்கேன் எழுதுவாங்க, வெறும் அல்ட்ராசவுண்டுல நார்மல்னு வந்தா அதோட விட்டுடாதீங்க, நடுவுல வாயு மறைச்சா கணையம் சரியா தெரியாது. கண்ணு மஞ்சளானாலோ யூரின் டீ டிகாஷன் கலர்ல போனாலோ ஒரு வாரம்னு காத்திருக்காதீங்க, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. நீங்களா வாங்கி சாப்பிடுற பக்கத்து வீட்டுக்காரரோட ஷுகர் மாத்திரையை இன்னைக்கே நிறுத்துங்க. பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை கையோட எடுத்துட்டுப் போங்க, குடியை விட்டீங்களா இல்லையான்னு எனக்கு எழுதல, அவர்கிட்டயாவது மறைக்காம சொல்லிடுங்க.