2147483647: சுழற்சி ஏன் 31 படிகளில் முடிகிறது?

வணக்கம். ஓர் எண்ணை ஒவ்வொரு முறையும் 8ஆல் பெருக்கி, 2147483647ஆல் வகுத்து மீதியை எடுத்தால் 31 படிகளிலேயே தொடக்க எண் திரும்பிவிடுகிறது என்றும், அப்படியானால் அது பகா எண்தானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பகா எண்தான், கணித அறிஞர் ஆய்லர் அதை 1772இலேயே நிறுவிவிட்டார். சிக்கல் பெருக்கியில், அதாவது 8இல் இருக்கிறது. இந்த எண் 2இன் 31ஆம் அடுக்கைவிட ஒன்று குறைவு என்பதால், அந்த அடுக்கை இதனால் வகுத்தால் மீதி 1 வருகிறது. 8உம் 2இன் அடுக்கே ஆகையால், அந்தச் சிறு வட்டத்தை அதனால் தாண்ட முடியாது. அழகான வடிவமே இங்கே இடையூறாகிவிடுவது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி, சுழற்சியின் நீளம் 2147483646இன் வகுத்தியாகவே இருக்கும். அந்த எண்ணின் பகாக் காரணிகள் 2, 3, 7, 11, 31, 151, 331. இவற்றுள் 3 மட்டும் இருமுறை வரும். இந்த ஏழில் ஒவ்வொன்றாலும் 2147483646ஐ வகுத்து, கிடைக்கும் ஈவைப் பெருக்கியின் அடுக்காக ஏற்றிப் பாருங்கள். அவற்றை 2147483647ஆல் வகுக்கையில் ஒன்றில்கூட மீதி 1 வராவிட்டால், 2147483646 படிகள் கொண்ட முழுச் சுழற்சி உறுதி. இந்தச் சோதனையில் தேறும் மிகச் சிறிய எண் 7. அதன் 5ஆம் அடுக்கான 16807உம் தேறுகிறது, ஏனெனில் 5 அந்தக் காரணிகளில் இல்லை. ஆகவே 16807ஐப் பயன்படுத்துங்கள். கணினி நிரலில் பெருக்கத்தை மட்டும் 64 பிட் மாறியில் செய்யுங்கள், 32 பிட்டில் விடை அடங்காமல் மீதி தவறிவிடும்.