கொரிய மாணவர்களும் ‘லே ஆஃப்’பும்: கேள்வி பதில்

ஆங்கிலம் கற்கும் என் கொரிய மாணவர் ‘லே ஆஃப்’ என்றதும் ‘ஹேகோ’ என்று குறித்துக்கொள்கிறார். சரிதானா?

பாதிதான் சரி. ‘ஹேகோ’ என்றால் பொதுவாகப் பணிநீக்கம். கையாடல் செய்து மாட்டிக்கொண்டவரை அனுப்பினாலும் அது ஹேகோதான். ஆங்கிலத்தில் அதற்கு ‘ஃபயர்ட்’. ‘லே ஆஃப்’ என்றால் ஆள்மீது குற்றமில்லை, ஆர்டர் குறைந்தது, பிரிவை மூடினார்கள் என்று பொருள். இதற்கு நெருக்கமான கொரியச் சொல் ‘ஜொங்னி ஹேகோ’. ‘ஜொங்னி’ என்றால் ஒழுங்குபடுத்துவது. 1997 கடைசியில் தென்கொரியாவே பணநெருக்கடியில் சிக்கி, ஐ.எம்.எஃப். எனும் சர்வதேச நாணய நிதியத்திடம் கடன் வாங்கியது. 1998 பிப்ரவரியில் சட்டத்தைத் திருத்தி இந்த வகை ஆள்குறைப்புக்கு வழிவிட்டார்கள். இன்றும் தொழிலாளர் சட்டத்தின் 24ஆவது பிரிவின்படி, தொழிலாளர் பிரதிநிதிக்கு 50 நாள் முன்பே தெரிவிக்க வேண்டும். அப்பா வேலையிழந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் உங்கள் வகுப்பில் இருக்கலாம். ‘உங்கள் வீட்டில் யாருக்காவது?’ என்று உதாரணம் கேட்காதீர்கள்.

‘ஐ லெய்ட் ஆஃப் லாஸ்ட் இயர்’ என்றே எழுதுகிறார். எத்தனை முறை திருத்தினாலும் ‘வாஸ்’ வருவதில்லை.

கேட்பவர் ‘யாரை நீக்கினீர்கள்?’ என்பார். கவனக்குறைவு என்று திட்டாதீர்கள், பாவம். வேலை போனதைக் கொரியப் பேச்சில் ‘ஜல்லிதா’ என்பார்கள், வெட்டுப்படுவது. ‘ஜருதா’ என்றால் வெட்டுவது. நம் ‘அறுத்தான், அறுந்தது’ போல வினைக்குள்ளேயே மாற்றம் முடிந்துவிடுகிறது. தனியாக ஒரு துணைச்சொல் தேவையில்லை. அதனால் ‘வாஸ் லெய்ட் ஆஃப்’, ‘காட் லெய்ட் ஆஃப்’ இரண்டையும் பிரிக்காமல் ஒரே சொல்லாக மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து அதுதான் பலிக்கிறது.

‘லெய்ட் ஆஃப் ஹிம்’ வருமா?

வராது. ‘லெய்ட் ஹிம் ஆஃப்’ மட்டுமே. ஆளின் பெயரோ பதவியோ என்றால் இரண்டு இடத்திலும் வரலாம்.

உச்சரிப்பு ‘லெய்ட் ஒப்பு’ என்றாகிறதே?

கொரிய மொழியில் ஃப ஒலி இல்லை; எழுதும்போதே ‘ப’வும் கடைசியில் ஓர் உயிரொலியும் சேர்ந்துவிடும். மேல்பல்லைக் கீழுதட்டில் வைத்து வெறும் காற்றை விடச் சொல்லுங்கள். அப்புறம் ‘லெய்-டாஃப்’ என்று சேர்த்துச் சொல்லட்டும்.

சியோலில் என் தோழியை நிறுவனமே ராஜினாமா எழுதித் தரச் சொன்னது. நேர்முகத்தில் ‘லெய்ட் ஆஃப்’ என்று சொல்லலாமா?

அதன் பெயர் ‘க்வொன்கோ சஜிக்’. நிறுவனம் கேட்டாலும், காகிதத்தில் இருப்பது அவர் கையெழுத்து. அதனால் ‘லெய்ட் ஆஃப்’ வேண்டாம். ஆள்குறைப்புதான் காரணம் என்றால் ‘மை பொசிஷன் வாஸ் எலிமினேட்டட்’ என்று சொல்லட்டும், அது உண்மையும்கூட. பணம் பெற்றுக்கொண்டு தானே விலகும் ‘ஹுய்மங் தேஜிக்’ என்றால் ‘வாலண்டரி ரிடையர்மென்ட்’ வேண்டாம், முப்பது வயதில் ஓய்வா என்று குழம்புவார்கள். ‘ஐ டுக் அ பைஅவுட்’ போதும்.