பேலட் முதல் ஹீட்டர் வரை: ஸ்கிரீன் பிரிண்டிங் உதிரிகள், கேள்வி பதில்

(திருப்பூரில் டி-ஷர்ட் பிரிண்டிங் பட்டறை நடத்துகிறேன். கம்பெனி உதிரிக்குப் பதிலாக வெளியில் வாங்கிப் பொருத்துவது பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.)

அண்ணா, செகண்ட் ஹேண்டில் அமெரிக்க மேனுவல் மெஷின் வாங்கினேன். கம்பெனி பேலட் (டி-ஷர்ட்டை விரித்து வைக்கும் பலகை) விலை கட்டுப்படியாகவில்லை. லேத்தில் சொல்லிச் செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். மேல் தகடு யார் வெட்டினாலும் வெட்டியதுதான். சிக்கல் அடியில் இருக்கும் பிராக்கெட்டில். பழைய பிராக்கெட் நன்றாக இருந்தால் அதையே கழற்றிப் புதுத் தகட்டில் மாட்டுங்கள், பாதி வேலை முடிந்தது. புதிதாகச் செய்வதென்றால் வெர்னியர் வைத்து மூன்று அளவு எடுங்கள். மெஷின் கையின் வெளி அகலம், போல்ட் துளைகளின் நடுவுக்கு நடு தூரம், கையின் மேல்மட்டத்திலிருந்து பேலட் மேல்மட்டம் வரை உயரம்.

அந்த மூன்றாவது அளவைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், நானும் விட்டிருக்கிறேன். பழைய பேலட் 10 மி.மீ., நான் செய்யச் சொன்னது 12. ஸ்கிரீனுக்கும் துணிக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியே இரண்டு, மூன்று மி.மீ.தான். அதில் இரண்டு போய்விட்டால்? ஸ்கிரீன் துணியை விட்டு எழும்பாமல் ஒட்டிக்கொண்டு அச்சு ஓரமெல்லாம் மசிந்துவிட்டது. ஒரு மெஷினில் ஏறும் எல்லா பேலட்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும்.

அப்புறம், போல்ட். அமெரிக்க மெஷினில் பெரும்பாலும் இன்ச் மரை. 5/16 இன்ச் போல்ட் 7.94 மி.மீ., நம் கடை எம்8 போல்ட் 8 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், மரை இடைவெளி வேறு. இரண்டு சுற்று போய் இறுகினால் நிறுத்திவிடுங்கள். ஸ்பானர் போட்டு அழுத்தினால் அலுமினிய மரை உரிந்துவிடும்.

மெஷினோடு வந்த ஸ்கிரீனில் 110 மெஷ் என்று இருக்கிறது. கடையில் 43 தருகிறார்கள். சரியா சார்?

சரிதான். மெஷ் என்பது ஸ்கிரீன் வலையில் இருக்கும் இழைகளின் எண்ணிக்கை. 110 என்பது ஒரு இன்ச்சுக்கு, 43 ஒரு சென்டிமீட்டருக்கு. 43-ஐ 2.54-ஆல் பெருக்கிப் பாருங்கள்.

ஸ்க்வீஜி (ஸ்கிரீன் மேல் மையை இழுத்துத் தள்ளும் பட்டை) ரப்பரை நிறம் பார்த்து வாங்கலாமா?

வேண்டாம். ஒரு கம்பெனியின் பச்சை இன்னொரு கம்பெனியில் வேறு கடினம். ரப்பரின் கடினத்தைச் சொல்லும் ஷோர் ஏ எண்ணைக் கேளுங்கள். பொதுவான வேலைக்கு 70 முதல் 75, மை கனமாக இறங்க 60 முதல் 65. தடிமனையும் கவனியுங்கள். 9.5 மி.மீ.க்குச் செய்த பிடியில் 9 மி.மீ. ரப்பர் போட்டால் நடுவில் ஆடும், அச்சில் கோடு விழும்.

எக்ஸ்போஷருக்கு (ஸ்கிரீனில் டிசைனை வெளிச்சத்தால் பதிப்பதற்கு) வெளியில் கிடைக்கும் யூவி எல்இடி போடலாமா அண்ணா?

395 முதல் 405 நானோமீட்டர் வரை என்று எழுதியிருந்தால் போடலாம், ஆனால் உங்கள் எமல்ஷன் (ஸ்கிரீனில் பூசும், வெளிச்சம் பட்டால் இறுகும் பூச்சு) அந்த வெளிச்சத்துக்கு இறுகுமா என்று அதன் விவரத்தாளில் பார்த்துவிடுங்கள். ஊதா நிறத்தில் எரிகிறது என்பதற்காக எந்தப் பட்டையையும் வாங்காதீர்கள். மாற்றியதும் பழைய நேரக் கணக்கை மறந்துவிட்டு, ஒரே ஸ்கிரீனில் பட்டை பட்டையாக வேறு வேறு நேரம் கொடுத்துச் சோதியுங்கள்.

அச்சடித்த மையைச் சூட்டில் உலர்த்தும் ஃபிளாஷ் ஹீட்டரின் குவார்ட்ஸ் குழாய் போய்விட்டது. வாட்ஸ் ஒத்துப்போனால் போதுமா?

போதாது. நீளம், முனை வடிவம், முக்கியமாக வோல்ட் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். 208 வோல்ட் குழாயை நம் 230-இல் கொடுத்தால் சுமார் 22 சதவீதம் கூடுதல் பவர் இழுக்கும். குழாய் சீக்கிரம் போகும், அதற்கு முன் துணி கருகும். பழைய குழாயைத் தூக்கிப் போடாமல் கடைக்குக் கையோடு கொண்டுபோங்கள்.