தம்பியை அனுப்பாதே

கேள்வி: அப்பா இறந்து எட்டு மாதம் ஆகிறது. அன்று முதல் அண்ணன் தினமும் குடிக்கிறான். போதையில் 'வாரணம் ஆயிரம்' போட்டுப் பார்த்து அழுகிறான். பார்க்காரர் போன் செய்தால், பிளஸ் ஒன் படிக்கும் தம்பிதான் போய் வண்டியில் ஏற்றி வருவான். அந்தப் படத்தில் சூர்யா திருந்தியதுபோல அண்ணனும் ஒருநாள் திருந்துவானா?
– பெயர் வேண்டாம், கரூர்

பதில்: அண்ணனைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். தம்பிக்கு ஒரே ஒரு வரி. எனக்குத் தூக்கம் போனது அந்த வரியில்தான்.

பிளஸ் ஒன் பையன். லைசென்ஸ் எடுக்கும் வயதில்லை. 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாத கடையின் வாசலில் ராத்திரி நிற்கிறான். தன்னைவிடக் கனமான ஆளைப் பின்னால் உட்காரவைத்து, சரியாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் வண்டி ஓட்டுகிறான். அப்பா போனது அவனுக்கும்தானே? அவன் அழுதானா? உன் கடிதத்தில் அது இல்லை.

சினிமா நம்மை அப்படிப் பழக்கியிருக்கிறது. 1953-ல் வந்த தேவதாஸ் காலத்திலிருந்து குளோசப் குடிக்கிறவனுக்குத்தான். தூக்கி வருகிறவன் ஓரத்து ஆள். நீ சொல்கிற படத்தில் மாதக்கணக்கான பாடு ஒரு பாட்டுக்குள் தீர்ந்துபோகும். உன் அண்ணன் அந்தப் பாட்டுக்காகக் காத்திருக்கிறான்; கூடவே நீயும். விடாமல் சிகரெட் பிடித்த அப்பா ரத்தம் கக்கிச் சாவதில்தான் அந்தப் படமே தொடங்குகிறது. அதை யாராவது கவனித்தீர்களா?

அப்புறம், படத்தைப் பார்த்துவிட்டு அவனை வீட்டில் பூட்டி வைக்காதே. தினம் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், புத்தி பேதலிக்கலாம், உயிரே போகலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போ. வர மறுத்தால், 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு நீ பேசு. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய சிகிச்சை மையத்தில் வீட்டு ஆட்களையும் உட்காரவைத்துப் பேசுவார்கள். அது உனக்கும் தேவை.

சித்தப்பா, தாய்மாமா யாருமே இல்லையா? காரியத்தன்று பந்தியில் உட்கார்ந்தவர்கள் ராத்திரி பத்து மணிக்கும் வரட்டும். மூத்தவன் கீழே போட்ட பொறுப்பைப் பெரியவர்கள்தான் எடுக்க வேண்டும், கடைக்குட்டி அல்ல. வெளியே தெரிந்தால் அவமானம் என்பாய். பார்க்காரர் போனிலேயே தம்பியின் நம்பர் இருக்கிறது, இனி யாரிடம் மறைக்கப் போகிறாய்?

அவரிடம் மாமாவின் நம்பரைக் கொடு. வண்டிச் சாவியை நீ வாங்கி வை. சரி, இன்று ராத்திரி தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, அப்பாவைப் பற்றி அவனிடம் ஏதாவது கேள்.