பட்டன் ரோஜாவுக்கு ‘பேட்டன்ட்’ வாங்கித் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: ஓசூரில் மொட்டை மாடியில் ரோஜா வளர்க்கிறேன். இரண்டு பட்டன் ரோஜாக்களுக்கு நானே மகரந்தம் சேர்த்து எடுத்த விதையிலிருந்து போன ஆண்டு ஒரு செடி வந்தது. ஒன்றரை அங்குலப் பூ. இதழின் உள்பக்கம் ஆரஞ்சு, பின்பக்கம் மஞ்சள். ஒருவர் 40,000 ரூபாய் கொடுத்தால் பேட்டன்ட் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். நர்சரிக்காரர் ஒருவர், “முதலில் ஐம்பது குச்சி கொடுங்கள், ஓடுகிறதா பார்ப்போம்” என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் பேச்சையும் கேட்காதீர்கள்.

முதலில் பேட்டன்ட்காரர். இந்தியாவில் செடிக்கு பேட்டன்ட் கிடையாது. 1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவே செடி, விதை, ரகம் எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிட்டது. அடுத்த முறை அவர் வந்தால், எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவில் வாங்கித் தருவார் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதோடு ஆள் வரமாட்டார். கொஞ்சம் விவரமானவராக இருந்தால், அமெரிக்க ரோஜாச் சங்கத்தின் பதிவேட்டில் பெயரைப் பதிந்து ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டுவார். உலகம் முழுவதும் ரோஜாப் பெயர்களைப் பதிகிற இடம் அதுதான், பொய் இல்லை. ஆனால் ஒரே பெயரில் இரண்டு ரோஜா வந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அந்தத் தாளை வைத்துக்கொண்டு உங்கள் செடியைப் பெருக்கி விற்கும் ஒருவரையும் தடுக்க முடியாது. ஃபிரேம் போட்டு வரவேற்பறையில் மாட்டலாம்.

நமக்கு உள்ளது பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைகள் சட்டம், 2001. அதற்கான ஆணையம் தில்லியில் இருக்கிறது. ரோஜா அதன் பட்டியலில் உண்டு. அங்கே பதிவு கிடைக்க, ரகம் புதியதாக இருக்க வேண்டும், தெரிந்த மற்ற ரகங்களிலிருந்து ஒரு முக்கியக் குணத்திலாவது வேறுபட வேண்டும், எல்லாச் செடியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், குணம் மாறாமல் நிற்க வேண்டும். குச்சியில் பெருக்குகிற செடிக்குப் பின்னிரண்டும் பெரிய தலைவலி இல்லை. வேறுபடுவதுதான் கஷ்டம். ஆரஞ்சும் மஞ்சளுமான இரட்டை நிறம் பட்டன் ரோஜாவில் பழைய சங்கதி. ‘இப்படி நான் பார்த்ததில்லை’ என்பதைத் தில்லியில் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். இலையின் பளபளப்பு, முள், இதழ் எண்ணிக்கை என்று வேறு ஏதாவது தனித்து நிற்கிறதா என்று பாருங்கள்.

இப்போது நர்சரிக்காரர். எனக்கு இவரைப் பற்றித்தான் அதிகக் கவலை. ரோஜாவைத் திருட ஒரு கணு போதும். வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டினால் அந்த ஒரு கணு ஒரு முழுச் செடி. அந்தச் செடியில் இருபது கணு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மலர்க் கண்காட்சியில் நான் வைத்திருந்த ஒரு வெள்ளைப் பட்டன் ரோஜாவில், சாயங்காலம் தொட்டியை எடுக்கப் போனபோது ஒரு கிளை குறைந்திருந்தது. ஒன்றரை ஆண்டு கழித்து இன்னோர் ஊரில் தள்ளுவண்டியில் அதே பூ, வேறு பெயரில், ஒரு செடி முப்பது ரூபாய். நானும் ஒன்று வாங்கி வந்தேன், வேறென்ன செய்ய?

ஐம்பது குச்சி கொடுப்பதில் இன்னொரு வினையும் இருக்கிறது. உங்கள் சம்மதத்தோடு செடியோ குச்சியோ இந்தியாவில் முதலில் விற்பனைக்குப் போன நாளிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். தாண்டினால் அது ‘புதிய ரகம்’ இல்லை. குச்சி மட்டுமல்ல, பூவை விற்றாலும் இதே கணக்குத்தான். பக்கத்துப் பூக்கடைக்கு வாரம் நூறு ரூபாய்க்குப் பூக் கொடுத்துவிட்டு, மூன்று ஆண்டு கழித்து ‘புதிய ரகம்’ என்று வந்து நிற்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

இதற்கு ஒரு விலக்கு உண்டு. உங்களுக்கு அது கட்டாயம் தேவைப்படும் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். விற்காமல், சோதனைக்காக மட்டும் வளர்த்துப் பார்ப்பதால் புதுமை கெடாது என்று சட்டமே சொல்கிறது. ஓசூரில் சிரிக்கிற ரோஜா மதுரை வெயிலில் என்ன ஆகும் என்று ஓசூரில் உட்கார்ந்துகொண்டு தெரிந்துகொள்ள முடியாது. ஆகவே சமவெளியில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ‘சோதனைக்குக் கொடுத்தேன்’ என்று வாயால் சொன்னால் போதாது. எத்தனை குச்சி, எந்தத் தேதி, எந்த இடம் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பணம் கைமாறவில்லை, விற்கவோ பிறருக்குக் கொடுக்கவோ பூவை வெளியே அனுப்பவோ கூடாது, முடிந்ததும் செடிகளைத் திருப்பித் தர வேண்டும் என்று அதிலேயே இருக்கட்டும். பட்டுப்போன குச்சிக்கும் கணக்கு வேண்டும். ‘பத்தில் மூன்று பட்டுப்போச்சு’ என்பார்கள், அந்த மூன்றும் வேறெங்கோ தழைத்துக்கொண்டிருக்கும். மாதம் ஒருமுறை தேதியோடு படம் வாங்கி வையுங்கள். உங்கள் நர்சரிக்காரர் இந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிறாரா என்று கேட்டுப் பாருங்கள். ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்றால் அவர் அகராதியில் விற்றுப் பார்ப்போம் என்று அர்த்தம்.

எப்படியும் விண்ணப்பத்துக்கு இப்போதே ஓட வேண்டாம். மஞ்சள், ஆரஞ்சு ரோஜாக்களுக்கு ஒரு பரம்பரைக் குறை உண்டு. 1900-இல் பிரான்ஸில் பெர்னே துஷே என்பவர் வெளியிட்ட ஒரு ரோஜாவின் வழியாகத்தான் இந்தப் பளிச் மஞ்சள் இன்றைய ரோஜாக்களுக்குள் வந்தது. கூடவே, இலையில் கறுப்புப் புள்ளி விழுந்து உதிர்ந்துபோகும் கரும்புள்ளி நோய்க்கு இடம் கொடுக்கும் குணமும் வந்தது. இரண்டு ஐப்பசி, கார்த்திகை மழையை மருந்தடிக்காமல் தாண்டட்டும். இலை முழுவதும் கொட்டிவிட்டால் நிறத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

விண்ணப்பம் போட்ட பிறகு செடியை வளர்த்துப் பரிசோதிப்பார்கள். அதற்குத் தனிக் கட்டணம், பதிவானால் ஆண்டுக் கட்டணம். தாய், தந்தைச் செடிகளின் முழு விவரத்தையும், அவை இந்தியாவில் எங்கிருந்து எடுக்கப்பட்டன என்பதையும் கேட்பார்கள். நம் ஊரில் பட்டன் ரோஜாவைப் பெயர் சொல்லியா விற்கிறார்கள்? ‘ரெட் பட்டன்’, ‘ஆரஞ்சு பட்டன்’, அவ்வளவுதான். பெரிய கம்பெனி விதை ரகங்களை மனதில் வைத்து அச்சடித்த படிவத்தில் மொட்டை மாடிக்காரர் என்ன எழுதுவார் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஒருவருக்கு உதவப் போய், படிவத்தில் தாய், தந்தை விவரம் கேட்கிற கட்டத்தின் முன் நானே ஒரு மத்தியானம் உட்கார்ந்திருந்தேன். வாங்கிய கடையின் ரசீது இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

அப்புறம், கேட்காத ஒன்று. நீங்கள் பட்டன் ரோஜாவையே தாயாக வைத்திருக்கிறீர்கள். சின்னக் காயில் விதை அதிகம் இருந்திருக்காது. அடுத்த முறை காய் நன்றாகப் பிடிக்கிற புளோரிபண்டா (கொத்துக் கொத்தாகப் பூக்கிற ரோஜா வகை) ஒன்றைத் தாயாக்கி, பட்டன் மகரந்தத்தை அதில் தடவுங்கள். குட்டைத்தன்மை தந்தை வழியிலும் இறங்கும். கலிபோர்னியாவில் சின்ன ரோஜாக்களுக்கே ஆயுளைக் கொடுத்த ரால்ஃப் மூர், ‘லிட்டில் டார்லிங்’ என்ற புளோரிபண்டாவைத் தாயாக வைத்துப் பல ரகங்கள் எடுத்தார். காய் பழுக்க மூன்றரை, நான்கு மாதம் ஆகும். விதையைக் கழுவி, ஈர மணலில் கலந்து, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஆறு வாரம் வைத்துவிட்டு விதையுங்கள். டப்பாவின் மேல் தாய், தந்தை, தேதி மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். படிவத்தின் அந்தக் கட்டத்தில் எழுத உங்களுக்காவது ஏதாவது இருக்கும்.